ஏழாம் நம்பர் மாதிரியில் தேவகியின் படம்

ஒரு கேள்வியில் ஆரம்பிக்கிறேன். ஒரு வீட்டுக்கு நோட்டீஸ் ஒன்று வருகிறது. வீட்டார் அதைப் படிக்கிறார்கள். படித்துவிட்டு உள்ளே எடுத்துப் போகவில்லை, குப்பையிலும் போடவில்லை. வாசலில் செருப்பு அடுக்கும் பலகைமேல் வைத்து, பறந்துவிடாமல் ஒரு கல்லையும் வைத்துவிட்டு அப்படியே விட்டுவிடுகிறார்கள். ஒரு வீட்டில் இல்லை, அந்த வரிசையில் பாதி வீடுகளில். ஏன்?

இதற்குப் பதில் தேடி நான் ஒரு ஞாயிற்றுக்கிழமையைச் செலவழித்திருக்கிறேன். பதில் கிடைத்தபோது, தேடாமலேயே இருந்திருக்கலாம் என்று தோன்றியது. இந்த அச்சு வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் தம்பி தங்கைகளுக்கு வேறு எதையும் விட இதைத்தான் முதலில் சொல்ல வேண்டும் என்று நினைக்கிறேன். மற்றதெல்லாம் கம்ப்யூட்டரே உங்களுக்குச் சொல்லிக் கொடுத்துவிடும்.

தொண்ணூறுகளின் நடுவில் தெங்கேரா என்ற பகுதியில் ஒரு சின்ன அச்சகத்தில் நான் வேலை பார்த்தேன். முதலாளி சீனர். எல்லோரும் அவரைத் தவுக்கே என்றுதான் கூப்பிடுவோம். சீனத்திலும் மலாயிலும் வரும் வேலைகளை அவர் பார்த்துக்கொள்வார். தமிழ் வேலை எது வந்தாலும் என் மேசைக்கு வந்துவிடும். எழுத்துக் கோப்பது, வடிவமைப்பது, பிழை பார்ப்பது எல்லாமே நான்தான். அந்தக் கடையில் தமிழ் படிக்கத் தெரிந்தவள் நான் ஒருத்திதான். அதில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனமும் இருந்தது.

நீங்கள் டெம்ப்ளேட் என்று சொல்வதை நாங்கள் மாதிரி என்று சொல்வோம். கம்ப்யூட்டரோடு வந்த சிடியில் வெளிநாட்டுக்காரர் யாரோ வரைந்து வைத்த மாதிரிகள் கொஞ்சம் இருந்தன. அவற்றில் நல்லதாகப் பார்த்து எடுத்து, ஒரு நோட்டுப் புத்தகத்தில் நம்பர் போட்டு வைத்திருந்தேன். சலூனுக்கு மூன்றாம் நம்பர். டயர் கடைக்கும் மூன்றுதான், கத்தரிக்கோலை எடுத்துவிட்டுச் சக்கரத்தை வைத்தால் தீர்ந்தது. டியூஷன் சென்டருக்குப் போட்ட ஐந்தாம் நம்பரிலேயே கோழிக் கடைக்கும் நோட்டீஸ் அடித்திருக்கிறேன். கோழிக் கடைக்காரர் வாய் நிறையச் சிரித்துக்கொண்டு வாங்கிப் போனார். மாதிரி என்பது காலிப் பாத்திரம், எதை ஊற்றினாலும் வாங்கிக்கொள்ளும் என்று நான் உண்மையாகவே நம்பினேன்.

அதில் ஏழாம் நம்பர் என்னுடைய செல்லம். மேலே நடுவில் படம் வைக்க முட்டை வடிவத்தில் ஒரு வளையம் இருக்கும். வளையத்தைச் சுற்றிக் கொடி ஓடும். தாளின் நான்கு ஓரத்திலும் இரட்டைக் கோடு. வெளிநாட்டில் அது ஏதோ சோப்புக்காக வரைந்தது போலிருக்கிறது, வளையத்துக்குள் ஒரு வெள்ளைக்காரி சிரித்துக்கொண்டிருந்தாள். நம் ஆட்களுக்குப் பொருந்தட்டும் என்று வளையத்தின் இரண்டு பக்கமும் நானே குத்துவிளக்கு வைத்தேன். யாராவது கையில் ஒரு படத்தோடு கடைக்கு வந்தால் என் கை தானாக ஏழுக்குத்தான் போகும்.

தேவகி கையில் ஒரு படத்தோடுதான் வந்தாள்.

முப்பத்து நான்கு வயதிருக்கும். செங் என்ற ஊரில் ஒரு தொழிற்சாலையில் பன்னிரண்டு வருஷம் நின்றுகொண்டே வேலை செய்தவள். கூட வேலை செய்கிறவர்கள் வீட்டில் காது குத்து, வளைகாப்பு என்றால் லீவு போட்டுவிட்டுப் போய்ச் சமைத்துக் கொடுப்பாள். ஒரு நாள் லீவு கொடுக்க மாட்டேன் என்று சூப்பர்வைசர் சொல்ல, இவள் வேலையையே விட்டுவிட்டாள். கோபத்தில் விட்டாள் என்றுதான் வீட்டில் சொன்னார்களாம். அவள் என்னிடம் சொன்னது வேறு.

“கோவம்லாம் இல்லக்கா. ரொம்ப நாளா மனசுல இருந்துச்சு. அந்த ஆளு ஒரு சாக்கு குடுத்தாரு, அவ்வளவுதான். ஆனா அவரும் நல்லவருதான்லா. இந்த மாசக் கடைசி திங்கக்கிழமை வரைக்கும் உன் எடத்த வெச்சிருக்கேன், மனசு மாறுனா வந்துடுன்னு சொல்லியிருக்காரு.”

“மாறுமா?”

“எனக்கு மாறாது. என் வீட்டுக்காரருக்குத்தான் மாறணும். அதுக்குள்ள ஒரு கல்யாணமாச்சும் புடிச்சிட்டா உன் இஷ்டம், இல்லன்னா பேசாம ஃபேக்டரிக்குப் போயிடுன்னு சொல்லிட்டாரு. நானும் சரின்னு தலையாட்டிட்டேன்.”

ஆவணிக் கல்யாணங்களுக்கு நாள் பார்த்துக்கொண்டிருந்த சமயம் அது. நல்ல நேரத்தில்தான் வந்திருந்தாள். கல்யாணச் சமையல், வளைகாப்பு, சடங்கு, எல்லாவற்றுக்கும் நோட்டீஸ் வேண்டும் என்றாள். ஆயர் குரோ ஊரைத் தாண்டி உள்ளே இருக்கும் எண்ணெய்ப் பனைத் தோட்டங்களில் தமிழ்ப் பேப்பர் போடுகிறவர் அதைப் பேப்பருக்குள் வைத்துப் போட்டுவிடுவாராம். படமும் கட்டாயம் வேண்டும் என்று பிடிவாதமாக நின்றாள்.

“அந்தப் பக்கம் பொறந்து வளந்தவக்கா நான். பேர் சொன்னா யாருக்கும் தெரியாது, தேவகிங்க ஆயிரம் பேரு. மூஞ்சியப் பாத்தா எல்லாருக்கும் தெரியும்.”

கொண்டு வந்திருந்தது தொழிற்சாலைப் பாஸுக்காக எடுத்த படம். சிரிக்கக் கூடாது, நேராகப் பார் என்று சொல்லி எடுக்கிற படம். வேறு நல்ல படம் இல்லையா என்று கேட்டேன். மற்ற படங்களில் எல்லாம் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு நிற்கிறாளாம். சரி, இதுவே போதும் என்று ஏழாம் நம்பரைத் திறந்து வளையத்துக்குள் அவள் முகத்தை வைத்தேன். திரையில் கொடி தங்க நிறத்திலும் கோடு குங்கும நிறத்திலும் இருந்தன. அழகாக இருக்கிறது என்று இரண்டு பேரும் சொல்லிக்கொண்டோம். கலரில் அடித்தால் அவளுக்குக் கட்டுப்படியாகாது. கறுப்பு மை மட்டும் போதும் என்று நான்தான் சொன்னேன். ‘அன்பார்ந்த உறவினர்களே, நண்பர்களே’ என்று ஆரம்பிக்கலாம், மரியாதையாக இருக்கும் என்று சொன்னதும் நான்தான். படத்துக்குக் கீழே அவள் பெயர், அதற்குக் கீழே தொழில் தொடங்கும் தேதி, பிறகு சமையல் வகைகள், கடைசியில் வீட்டுப் போன் நம்பர்.

அவள் போன் நம்பரை மூன்று தடவை விரல் வைத்துப் படித்துப் பார்த்தாள். நானும் ஒவ்வொரு எழுத்தாகப் பிழை பார்த்தேன். ஒரு பிழையும் இல்லை. இப்போதும் சொல்கிறேன், அந்த நோட்டீஸில் ஓர் எழுத்துப் பிழைகூடக் கிடையாது.

இரண்டு வாரம் கழித்துத் தேவகி மறுபடி கடைக்கு வந்தாள். ஓர் ஆர்டரும் வரவில்லை. அது பெரிய ஆச்சரியம் இல்லை, புதுத் தொழில் என்றால் அப்படித்தான். ஆனால் அவள் சொன்ன இன்னொரு விஷயம் என் மூளையில் போய் உட்கார்ந்துகொண்டது.

“போன் வருதுக்கா. வராம இல்ல. எடுத்து ஹலோ, தேவகி பேசறேன்னு சொல்றேன். அந்தப் பக்கம் பேச்சே இல்ல. கொஞ்ச நேரம் மூச்சு மட்டும் கேக்குது. அப்புறம் வெச்சிடறாங்க.”

“ஒரு தடவையா?”

“ஏழு எட்டு தடவ. ஒரு அம்மா மட்டும், யாரு, யாரு பேசறதுன்னு கேட்டுச்சு. தேவகின்னேன். ஐயோன்னு சத்தம் போட்டு வெச்சிடுச்சு. நான் என்னாக்கா தப்பா பேசறேன்?”

என் குணம் உங்களுக்குத் தெரியாது. ஒரு விஷயம் புரியவில்லை என்றால் எனக்குச் சோறு இறங்காது. போன் நம்பர் சரி. பெயர் சரி. ஆட்கள் கூப்பிடுகிறார்கள், தேவகி எடுக்கிறாள், உடனே வைத்துவிடுகிறார்கள். அந்த ஞாயிற்றுக்கிழமை என் மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு நானே தோட்டத்துக்குப் போனேன். தேவகியிடம் சொல்லவில்லை.

செம்பனை மரங்களுக்கு நடுவே செம்மண் பாதையில் போய், இரண்டு வரிசை வீடுகளுக்கு முன்னால் மோட்டாரை நிறுத்தினேன். நான் முதலில் கேட்டேனே, அதை அப்போதுதான் பார்த்தேன். முதல் வீட்டில் செருப்புப் பலகைமேல் என் நோட்டீஸ், அதன்மேல் ஒரு கல். அடுத்த வீட்டில் ஜன்னல் கம்பியில் வெளிப்பக்கமாகச் செருகி இருந்தது. அதற்கடுத்த வீட்டில் பூந்தொட்டிக்கு அடியில். கதவுக்கு உள்ளே ஒரு நோட்டீஸ்கூட இல்லை. நான் அடித்த நோட்டீஸ் குப்பைக்குப் போனதைப் பார்த்திருக்கிறேன், மீன் சுற்றக் கொடுத்ததையும் பார்த்திருக்கிறேன். அதெல்லாம் நமக்குப் பழகிவிடும். இப்படி வாசலிலேயே நிறுத்தி வைக்கப்பட்ட நோட்டீஸை நான் பார்த்ததே இல்லை.

ஒரு வீட்டு வாசலில் பெரியவர் ஒருவர் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். நோட்டீஸைக் காட்டி, இந்த அம்மாவைத் தெரியுமா என்று கேட்டேன். அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார்.

“தெரியாம என்னாம்மா? சின்னப் புள்ளைல இங்க ஓடித் திரிஞ்சது. பாவம், என்னா வயசு? எப்படிமா போச்சு? சீக்கா?”

எனக்கு முதலில் புரியவில்லை. போச்சு என்றால் எங்கே போச்சு என்று கேட்கப் போனேன். அதற்குள் அவர் மடியில் விரிந்திருந்த பேப்பர் கண்ணில் பட்டது. நினைவஞ்சலிப் பக்கம். வரிசை வரிசையாக முகங்கள். ஒவ்வொன்றும் முட்டை வளையத்துக்குள், இரண்டு பக்கமும் விளக்கு, சுற்றிலும் கறுப்புக் கோடு, படத்துக்குக் கீழே பெயர், பெயருக்குக் கீழே தேதி.

தம்பி தங்கைகளே, அந்த ஏழாம் நம்பரில் நான் மூன்று வருஷமாகக் கருமாதிக் கடிதம் அடித்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன். படத்தோடு கடைக்கு வருகிற தமிழர்களில் பத்துக்கு எட்டுப் பேர் வேறு எதற்கு வருவார்கள்? பதினாறாம் நாள் காரியத்துக்குத்தான். சுற்று வட்டாரத்தில் எத்தனையோ வீடுகளுக்கு என் ஏழாம் நம்பர் ஒரு சாவைச் சொல்லிக்கொண்டு போயிருக்கிறது. எனக்கு அது நம்பர். அவர்களுக்கு அது இழவுச் செய்தி. நம் வழக்கம் உங்களுக்குத் தெரியும், கருமாதிக் கடிதத்தை வாசலில் நின்று படிப்போம், வீட்டுக்குள் கொண்டு போக மாட்டோம், படித்ததும் கிழித்துப் போட்டுவிடுவோம். ஆனால் இவர்கள் கிழிக்கவும் இல்லை. அதுதான் என்னை இன்னும் குடைந்தது. பெரியவரிடம் கேட்டேன்.

“கிழிக்கத்தான் எடுத்தேன். கீழ பாத்தா பாயசம், வடைன்னு போட்டிருக்கு. காரியத்துக்கு என்னாத்துக்குலா பாயசம்னு யோசனையாப் போச்சு. சரி, எதுக்கும் இருக்கட்டும்னு வெளியவே வெச்சிட்டேன்.”

அந்த நிமிஷத்தில் எனக்குச் சிரிப்பும் வந்தது, பயமும் வந்தது. தேவகி உயிரோடுதான் இருக்கிறாள் என்று அவரிடம் சொல்லிவிட்டு, திரும்பிப் பார்க்காமல் மோட்டாரைக் கிளப்பினேன்.

மறுநாள் காலையில் கடையில் அந்த நோட்டீஸை மேசைமேல் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். தவுக்கே காப்பியோடு அந்தப் பக்கம் வந்தார். நின்று, ஒரு பார்வை பார்த்து, குரலைத் தாழ்த்தி, “சியாப்பா மத்தி?” என்று கேட்டார். யார் செத்தது என்று மலாயில் கேட்கிறார். ஓர் எழுத்துத் தமிழ் தெரியாத மனிதர். மெஷினில் இது ஓடிக்கொண்டிருந்தபோதே பார்த்தாராம். சின்ன வயதாக இருக்கிறதே, பாவம் என்று நினைத்துக்கொண்டு போய்விட்டாராம்.

எழுத்தை ஒவ்வொன்றாகப் பார்த்த எனக்குத் தெரியாதது, எழுத்தே தெரியாதவருக்கு ஒரே பார்வையில் தெரிந்திருக்கிறது. அன்றிலிருந்து எந்த வேலையானாலும் அச்சுக்குப் போகும் முன் தவுக்கேயின் முகத்துக்கு முன்னால் ஒரு தரம் பிடிப்பேன். படிக்க வேண்டாம், இது என்னவென்று மட்டும் சொல்லுங்கள் என்பேன். நீங்களும் அந்த மொழி படிக்கத் தெரியாத ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

அது பிறகு கற்றுக்கொண்டது. அன்று காலையில் நான் செய்த வேலை அவ்வளவு பெருமையானது இல்லை. சத்தம் காட்டாமல் இரண்டாம் நம்பரை எடுத்து, படம் இல்லாமல், வாழை மரமும் மாவிலையும் வைத்து, மஞ்சள் தாளில் புதிதாக ஒரு நோட்டீஸ் தயார் செய்தேன். தேவகியைக் கூப்பிட்டு, பழையது அவ்வளவு எடுப்பாக இல்லை, என் செலவில் இதை அடித்துத் தருகிறேன் என்று சொல்லிவிடலாம் என்று திட்டம். உண்மையைச் சொல்ல பயமாக இருந்தது. உயிரோடிருக்கிற ஒருத்திக்கு இப்படிப் படம் போட்டுவிட்டோமே, ஏதாவது ஆகிவிட்டால் என்ற பயமும் இருந்தது. படித்தவள்தான் நான். ஆனாலும் இருந்தது.

தேவகி மத்தியானம் வந்தாள். மஞ்சள் நோட்டீஸை வாங்கிப் பார்த்தாள். என்னையும் பார்த்தாள்.

“ஏங்க்கா சும்மா அடிச்சுத் தரேன்றீங்க? உங்க தவுக்கே அவ்வளவு நல்லவரா?”

இதற்கு மேல் எனக்கு நடிக்க வரவில்லை. தோட்டத்துக்குப் போனது, செருப்புப் பலகை, பெரியவர், பேப்பர், எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அவள் நாற்காலியில் உட்கார்ந்து பழைய நோட்டீஸை நீட்டிப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் பார்த்தாள். திட்டுவாள் என்று காத்திருந்தேன்.

“யாராச்சும் அழுதாங்களாக்கா?” என்று கேட்டாள்.

“என்ன?”

“இல்ல, நான் செத்துட்டேன்னு நெனச்சாங்கல்ல? யாராச்சும் அழுதாங்களா, இல்ல சும்மா பாவம்னு சொல்லிட்டு விட்டுட்டாங்களா?”

அதை நான் விசாரிக்கவில்லை என்றேன். அவள் சிரித்தாள். சிரித்துக்கொண்டே இருந்தவள் முகத்தை மூடிக்கொண்டு அழவும் அழுதாள். நான் ஒரு தம்ளர் தண்ணீர் கொண்டுவந்து வைத்துவிட்டு எதிரே நின்றேன். மன்னிப்புக் கேட்டேன். அது அவள் காதில் விழுந்ததா என்று தெரியவில்லை.

“திங்கக்கிழமைக்கு இன்னும் ஒரு வாரந்தான் இருக்கு,” என்றாள் முகத்தைத் துடைத்துக்கொண்டு. “இந்த மஞ்ச நோட்டீஸ் வேணாம்க்கா. செத்தவ நோட்டீஸ் போடறான்னு சொல்லுவாங்க. நானே போறேன். மூஞ்சியப் பாத்தா தெரியும்னு நான்தானே சொன்னேன், மூஞ்சியக் காட்டிட்டு வரேன்.”

நானும் வருகிறேன் என்றேன். அவள் வேண்டாம் என்று சொல்லவில்லை.

வேலை நாளில் தோட்டத்து ஜனங்கள் வீட்டில் இருக்க மாட்டார்கள். அதனால் அடுத்த ஞாயிற்றுக்கிழமைதான் போக முடிந்தது. தேவகி பச்சைச் சேலை கட்டி, தலை நிறையப் பூ வைத்து, ஒரு பெரிய தூக்குச் சட்டி நிறையக் கேசரி கிண்டி எடுத்து வந்தாள். நான் மோட்டாரை ஓட்ட, அவள் பின்னால் சட்டியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மறுநாள் திங்கட்கிழமை. வழி முழுக்க இரண்டு பேரும் அதைப் பற்றிப் பேசவில்லை.

முதல் வீட்டில் கதவைத் திறந்த பெண் வாயைப் பொத்திக்கொண்டு இரண்டடி பின்னால் போனாள். இரண்டாவது வீட்டில் ஒருவர் சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்து, பக்கத்து வீட்டுக்காரரையும் கூப்பிட்டுக் காட்டினார். ஒரு வீட்டில் நாங்கள் வருவதைப் பார்த்ததுமே கதவைச் சாத்திவிட்டார்கள். எது நடந்தாலும் தேவகி ஒரே கேள்வியைக் கேட்டாள், “என்னா நெனச்சீங்க?” கேட்டுவிட்டுக் கேசரியைக் கையில் கொடுத்து, நோட்டீஸைத் திருப்பி வாங்கிக்கொண்டாள். அவளுக்கு அது உண்மையாகவே தெரிய வேண்டியிருந்தது என்று எனக்குப் பட்டது. ஐந்தாவது வீட்டில் அவளோடு ஒன்றாகப் படித்த பெண் ஒருத்தி இருந்தாள். தேவகியைக் கட்டிக்கொண்டு ஓவென்று அழுதாள். அந்த வீட்டை விட்டு வெளியே வரும்போது தேவகி என் பக்கம் திரும்பி மெதுவாக, “ஒருத்தி அழுதிருக்காக்கா,” என்றாள்.

வரிசையின் கடைசி வீட்டில் வெள்ளையடித்துக்கொண்டிருந்தார்கள். ஆவணியில் மகளுக்குக் கல்யாணம். சமையலுக்கு இன்னும் ஆள் பேசவில்லை என்று முந்தின வீடுகளில் சொல்லியிருந்தார்கள். பெண்ணின் அம்மா பார்வதி அக்கா கேசரியை வாயில் போட்டதும் இன்னொரு வாய் அள்ளினார். பிடித்துவிட்டது என்று முகத்திலேயே தெரிந்தது. பெண்ணின் அப்பா தோட்டத்தில் டிராக்டர் ஓட்டுகிறவர், அவர் நோட்டீஸைத் தொடாமல் தள்ளி நின்றே பார்த்தார்.

“கேசரி நல்லாத்தான் இருக்கு. ஆனா மாப்ள வீட்டுக்காரங்க காதுக்கும் இது போயிருக்கும். கல்யாணச் சமையலுக்கு, கருமாதிப் படம் போட்ட பொம்பளையவா கூப்ட்டீங்கன்னு கேட்டா நான் என்னா சொல்றது? சகுனம்னு ஒண்ணு இருக்குல்ல?”

தேவகியின் முகம் சுருங்கிப் போனது. அவர் என் பக்கம் திரும்பி, “யாரு பண்ண வேலமா இது?” என்று கேட்டார்.

“கம்ப்யூட்டர்ல ஒரு மாதிரி இருந்துச்சுங்க,” என்று ஆரம்பித்தேன். “அது தானாவே அப்படி வந்து உக்காந்துடுச்சு.”

அவர் தலையாட்டினார். அதுதான் வேடிக்கை. அந்தக் காலத்தில் கம்ப்யூட்டர் என்று சொன்னால் எதையும் நம்புவார்கள். கரண்ட் பில் தப்பாக வந்தால் கம்ப்யூட்டர், பரீட்சையில் பெயர் விட்டுப்போனால் கம்ப்யூட்டர். எனக்கு நல்ல வழி கிடைத்துவிட்டது, அதிலேயே நழுவிப் போயிருக்கலாம். ஆனால் பார்வதி அக்கா கணவரைப் பார்த்து, “பாத்தீங்களா, யாரும் பண்ணலயாம், தானா வந்திருக்கு,” என்று பயந்த குரலில் சொன்னார். தேவகி கொடுத்த கேசரியில் மிச்சம் இருந்ததைக் கீழே வைத்துவிட்டார். என் பொய் என்னைக் காப்பாற்றிவிட்டு அவளைப் பிடித்துத் தள்ளுகிறது என்பது அப்போதுதான் உறைத்தது.

“இல்லக்கா,” என்றேன். “தானா வரல. நான்தான் வெச்சேன். கருமாதிக் கடிதம் அடிக்கிற மாதிரியில இவங்க படத்த எடுத்து வெச்சது நான். கறுப்பு மை போதும்னு சொன்னது நான். அடிச்சதுக்கு அப்புறமும் எனக்குத் தெரியல. சோம்பேறித்தனம். வேற ஒண்ணும் இல்ல. தோஷம்னு இருந்தா அது என்னச் சேந்தது, எனக்கும் ரெண்டு புள்ளைங்க இருக்கு.”

கடைசியாகச் சொன்னதை நான் யோசித்துச் சொல்லவில்லை. பார்வதி அக்கா என்னை மேலும் கீழும் பார்த்தார். பிறகு வெள்ளையடிக்கும் மட்டையைக் கணவர் கையில் இருந்து வாங்கிச் சுவரோரம் சாய்த்து வைத்தார்.

“தானா நடந்துச்சுன்னா அது சகுனம். இவங்க பண்ணாங்கன்னா அது தப்பு,” என்றார் கணவரிடம். “தப்பு நம்ம வீட்லயும்தான் நடக்குது. போன மாசம் நீங்க டிராக்டர, வேல வாங்குற மண்டோரு வீட்டு வேலில ஏத்தலயா? அதுக்குச் சகுனமா பாத்தாங்க?”

அவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். வீட்டுக்குள் இருந்து யாரோ சிரிக்கிற சத்தம் கேட்டது. கல்யாணப் பெண்தான். அவள் குங்குமச் சிமிழோடு வெளியே வந்து தேவகிக்கு நெற்றியில் வைத்துவிட்டு, “உள்ள வாங்கக்கா, வெயில்ல நிக்கிறீங்க,” என்றாள். அன்று அந்த வரிசையில் எங்களை வீட்டுக்குள் கூப்பிட்ட முதல் ஆள் அவள்தான். தேவகி வாசலில் செருப்பைக் கழற்றிப் பலகைமேல் அடுக்கி வைத்தாள்.

உள்ளே உட்கார்ந்ததும் எத்தனை பேர் வருவார்கள், காலையில் என்ன, மத்தியானம் என்ன, பாயசம் ஒன்றா இரண்டா என்று பேச்சு ஓடியது. குறித்துக்கொள்ளத் தாள் இல்லை. தேவகி திருப்பி வாங்கிய நோட்டீஸில் ஒன்றை எடுத்துக் கவிழ்த்துப் போட்டாள். பின்பக்கம் வெள்ளை. அதிலேயே எழுத ஆரம்பித்தாள். முழுதும் எழுதி முடித்து, இன்னொரு நோட்டீஸின் பின்பக்கத்திலும் அதையே எழுதிப் பார்வதி அக்காவிடம் கொடுத்தாள். அவர் அதைத் திருப்பிப் படத்தில் இருந்த முகத்தைப் பார்த்துவிட்டு, மடித்துச் சேலை மடிப்பில் செருகிக்கொண்டார்.

எல்லோரும் மனம் மாறினார்கள் என்று நான் சொல்ல மாட்டேன். கதவைச் சாத்திய வீடு சாத்தினதுதான். தேவகியின் மாமியார் என் பேரைக் கேட்டாலே முகத்தைத் திருப்பிக்கொள்வார் என்று கேள்விப்பட்டேன், அது நியாயம்தான். நானும் அதற்கு அடுத்த மாதம் முழுவதும் பிள்ளைகள் பள்ளியிலிருந்து திரும்பும் வரை வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். தப்பைத் தப்பென்று சொல்வது சுலபம் இல்லை, அதற்குப் பிறகும் பயம் இருக்கும். ஆனால் கருவிமேல் பழியைப் போட்டால் அந்தப் பழி அங்கேயே நிற்காது, உங்களை நம்பி வந்தவர்மேல் போய் விழும். நான் கண்ணால் பார்த்தது அது.

மறுநாள் திங்கட்கிழமை. காலையில் கடை திறந்து அரை மணி நேரம் ஆகியிருக்கும். செங்கில் அந்தத் தொழிற்சாலையின் முதல் ஷிப்ட் ஏற்கனவே ஆரம்பித்திருக்க வேண்டிய நேரம். தேவகி எங்கள் கடைக் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தாள். என் மேசைக்கு வராமல் நேராக மெஷின் பக்கம் போனாள். கையில் இருந்த பையிலிருந்து நீல நிறத் தொழிற்சாலைச் சட்டை ஒன்றை எடுத்துத் தவுக்கேயிடம் நீட்டினாள்.

“புதுச் சட்டைய நேத்து சாயங்காலமே சூப்பர்வைசர் வீட்டுக்குப் போயித் திருப்பிக் குடுத்துட்டேன்க்கா,” என்றாள் என்னிடம். “இது பழசு, எனக்கு வேணாம். மெஷின் தொடைக்க வெச்சுக்கச் சொல்லுங்க.”

தவுக்கேக்கு ஒன்றும் புரியவில்லை. சட்டையை விரித்துப் பார்த்தார், நல்ல பருத்தி என்று மலாயில் சொன்னார், நடுவில் பிடித்து ஒரே இழுப்பில் இரண்டாகக் கிழித்தார். தேவகி அதைப் பார்த்துக்கொண்டு நின்றாள். பாதியை மெஷின் ஓட்டுகிறவரிடம் கொடுத்துவிட்டு மறு பாதியை என் பக்கம் எறிந்தார். அந்தப் பாதியில்தான் சட்டைப் பையின்மேல் அவள் பெயரைத் தைத்திருந்தார்கள். என் விரல் முழுக்கக் கறுப்பு மை. நான் அதில் கையைத் துடைத்துக்கொண்டு, ஆவணிக் கல்யாணத்துக்கு எத்தனை அடுப்பு வேண்டியிருக்கும் என்று அவளிடம் கேட்டேன்.